மணல் பரப்பிய இடம்

முன்னொரு காலத்தில் நடந்தது. அன்று அவையில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எவரும் தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. சிங்காசனத்தில் அரசர் இளமாறர். வலப்புறம் பொக்கிஷ அமைச்சர் வரகுணத்தார், அவர் மைத்துனர் காளத்தியார். இடப்புறம் எங்கள் குலமுதல்வர் அம்பலவாணர். நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரி. விகடம் அவரோடு கூடப் பிறந்தது, பதவி அல்ல. மற்றவர்கள் தலையாட்டிகள்.

மழையில் பிள்ளைகள் எழுதும் மணல் கரைந்து போகிறது, கூரை வேண்டும் என்று அம்பலவாணர் கேட்டார்.

"ஆசான் மணல் பரப்பிய இடமே பள்ளிக்கூடம். அது முன்னோர் விதி. கூரை எதற்கு?" என்றார் வரகுணத்தார். அரசரும் ஆமோதித்தார்.

வரகுணத்தார் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முதலில் வருபவனுக்கு அடியில்லை, அடுத்தவனுக்கு ஒன்று, அதற்கடுத்தவனுக்கு இரண்டு என்று பிரம்படி ஏறும் வழக்கத்தைச் சுவையாக விவரித்தார். அரசருக்கு உற்சாகம் பொங்கியது.

"நாளை விடியலில் நாமெல்லோரும் மாணவர்கள். அம்பலவாணரே, நீர் ஆசான். விதி பிசகினால் உமது பதவி காளத்தியாருக்கு."

காளத்தியார் வந்தால் பள்ளிக்கூடங்களை மூடிவிடுவார் என்பது ஊரறிந்தது. அரசரோ அவைக்கு எப்போதும் கடைசியாக வருபவர். அவரை அடித்தால் தலை போகும். அடிக்காவிட்டால் பதவி போகும்.

"பிரம்புக்கு எண்ணெய் தடவி வையும், ஆசானே," என்றார் வரகுணத்தார்.

"ஆகட்டும் ஐயா. தாங்களும் உள்ளங்கையில் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள்."

மறுநாள் இருள் பிரியுமுன் அவையில் எல்லோரும் முண்டியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசானைக் காணவில்லை. திடீரென்று அரசரின் துயிலறைப் பக்கமிருந்து "ஆனா, ஆவன்னா" என்று கணீரென ஒரு குரல் எழுந்தது. அம்பலவாணர் அந்த வாசலில் மணலைப் பரப்பி அமர்ந்திருந்தார். கதவைத் திறந்த அரசரின் கால் மணலில் பதிந்தது.

"முதல் மாணவர் வந்துவிட்டார். அடியில்லை," என்றார் ஆசான்.

அவையே எழுந்து ஓடியது. தலைப்பாகைகள் அவிழ்ந்தன, பாதரட்சைகள் பறந்தன. தொந்தியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தவர் வரகுணத்தார்.

"அவை அங்கே இருக்க, இங்கே எப்படிப் பள்ளிக்கூடம்?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"மணல் பரப்பியிருக்கிறேனே ஐயா. விதி சொன்னவர் தாங்கள்தானே? கையை நீட்டுங்கள்."

அரசர் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்பலவாணருக்குப் பொன்னாடை போர்த்தி, எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் ஓட்டுக்கூரை போட ஆணையிட்டார். ஓடு சுமக்கும் வண்டிகளோடு காளத்தியாரை அனுப்பிவைத்தார்.

காவலனுக்குக் கையூட்டுக் கொடுத்துத்தான் அம்பலவாணர் துயிலறை வாசல்வரை போனார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை. அந்தக் காவலனின் மகள் மழையில் நனைந்தபடி எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.