அலங்காரப் பூனை

கோவையில் நடந்த காமிக்ஸ் விருது விழாவில், செண்பகவல்லி வரைந்த குழந்தைகள் புத்தகத்தை நடுவர் அம்பலவாணர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கெல்லாம் காமிக்ஸ் விருதா? இதுல எழுத்துதான் கதை சொல்லுது. படம் சும்மா அலங்காரம். இல்லைன்னு இந்த மேடையிலேயே நிரூபிக்கட்டும், விருதைக் கொடுத்துடறேன்!"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க ஐயா. அப்போ எழுத்தை நீங்களே படிங்க. அலங்காரம் பாட்டுக்கு உங்களுக்குப் பின்னால திரையில ஓடட்டும்" என்றாள் செண்பகவல்லி, பரம சாதுவாக. கதை வரிகள் மட்டும் இருந்த தாளை அவரிடம் நீட்டினாள்.

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று படித்தார்: "வீட்டில் யாருமே இல்லை. எலி நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்தது."

முன்வரிசைப் பொடிசுகள் துள்ளி எழுந்து கத்தின: "ஐயோ, பின்னாடி பாருங்க! பூனை! பூனை!"

அம்பலவாணர் பதறித் திரும்பினார். திரை முழுக்க வாயைப் பிளந்த பூனை! நாற்காலியோடு சரிந்தவர், தாளை ஆட்டியபடி அலறினார்:

"கதையில பூனையே இல்லையேம்மா!"

"எழுத்துல இல்லைதானுங்க ஐயா. அலங்காரம் சொன்ன கதைங்க அது."