அத்தை வீட்டுச் சர்க்கரை

ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை, போன மாதம்தான், ஒரு சமையலறையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. ஒரு விஷயம் புரியாவிட்டால் அதற்கு மூடி நிற்காது. குக்கர் ஏன் கத்துகிறது, பூனை ஏன் கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிறது என்று எல்லாரையும் துளைத்து எடுத்துவிடும்.

அந்த வீட்டுக்காரன் குணசீலன். தனிக்கட்டை. அவனுக்கென்று இருந்த ஒரே சொந்தம் இரண்டு தெரு தள்ளி இருந்த அத்தை திலகவதி. அவளுக்குக் காலில் சர்க்கரைப் புண். வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். புண் ஆற வேண்டுமானால் சாப்பிட வேண்டும். அத்தையோ வாயைத் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வியாழன்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அத்தையிடம் பத்தும் அப்படியே இருந்தன, பசிதான் பறந்துவிட்டது.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தால் சாப்பிடுவாள் என்று குணசீலன் நினைத்தான். ஆப்பிள் வாங்கிப் போனான். அத்தை சுவரைப் பார்த்தாள். பிளாஸ்டிக் ரோஜா வாங்கிப் போனான். அத்தை சுவரைப் பார்த்தாள். தலையாட்டிப் பொம்மை ஒன்றை வைத்தான். அது காற்றாடிக் காற்றில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம் ஆமாம்' என்று ஆடிக்கொண்டிருந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

தினமும் கஞ்சி சுமந்து போன தூக்குச்சட்டிக்கு இதுதான் புரியவில்லை. முதல் நாள் அவள் முழுக்கக் குடித்தாளே! குடித்துவிட்டுக் காலிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையணைக்கு அடியிலும் அலமாரியிலும் கையால் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. மூடியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தாள். மறுநாளிலிருந்துதான் "பசிக்கலடா."

"என்ன தேடினாள்?" என்று தூக்குச்சட்டி ஆப்பிளைக் கேட்டது. "என்னைத்தான்" என்றது ஆப்பிள். அது அப்போது கடையில் இருந்தது என்பதுகூட அதற்கு நினைவில்லை.

வியாழன் காலை குணசீலன் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, போகிற வழியில் அத்தையின் வீட்டைத் திறந்தான். அவளுக்குப் பிடித்தது அவள் வீட்டில்தானே இருக்கும்? பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனான். வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் கொண்டாட்டம்.

"என்னை எடு, பாட்டுப் பாடுவேன்" என்றது ரேடியோ.

"உன் பாட்டில் பாதி இரைச்சல். நான் போர்த்திக்கொள்வேன்" என்றது சால்வை.

மேடையின் மூலையில் மட்டும் ஒரு டப்பா வாய் திறக்காமல் இருந்தது. தூக்குச்சட்டி விடுமா? "நீ யார்?"

"சர்க்கரை" என்றது டப்பா, மெதுவாக. "உரக்கக் கேட்காதே. இந்த வீட்டில் நான் இருக்கவே கூடாது. பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு வியாதி. ஒரு பொடி நாக்கில் பட்டதில்லை."

"அப்புறம் எதற்கு உன்னை வாங்குகிறாள்?"

"அதுதான் எனக்கும் தெரியவில்லை. மாதம் தவறாமல் நிரப்புவாள். ஒரு கரண்டி எடுப்பாள். ஏதோ ஒரு வட்டமான இருட்டுக்குள் போடுவாள். மேலே மூடி விழும். அதற்கப்புறம் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை."

தூக்குச்சட்டியின் மூடி டங்கென்று அதிர்ந்தது. "அடப் பாவி, அந்த இருட்டு நான்தான்!"

ஆமாம், பொங்கல் குழம்போ, ஞாயிற்றுக்கிழமைக் கறியோ, குணசீலன் எதை அனுப்பினாலும் தூக்குச்சட்டி ஒரு நாளும் அத்தை வீட்டிலிருந்து வெறுமனே திரும்பியதில்லை. கழுவித் துடைத்து, அடியில் ஒரு கரண்டிச் சர்க்கரை. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று அதைப் பற்றி அது யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் கொடுக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது? அவன் வாங்கி வந்த ஆப்பிளை அவனுக்கே போட்டு அனுப்ப முடியுமா? தூக்குச்சட்டி டப்பாவின் பக்கம் திரும்பியது.

"வா என்னோடு" என்றது.

"விளையாடுகிறாயா? என்னைக் கண்டால் ஆஸ்பத்திரியே எழுந்து நிற்கும்."

"நிற்கட்டும்."

குணசீலன் வெறுங்கையோடு திரும்பி வருவதற்குள் சர்க்கரை டப்பா உருண்டு பைக்குள் விழுந்துவிட்டது.

வார்டில் பையைத் திறந்ததும் முதலில் தலைகாட்டியது டப்பாதான். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஒரு கையால் மூடியைத் திறந்தாள். அவ்வளவுதான்.

"சர்க்கரை பேஷண்டுக்கு சர்க்கரையா? படிச்சவர்தானே சார் நீங்க?"

"சத்தியமா நான் வைக்கல சிஸ்டர்!"

"பின்ன அதுவா நடந்து வந்துச்சா?"

டப்பா மூச்சுக் காட்டவில்லை. சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "அது எங்க வீட்டு டப்பால்ல?"

அத்தை திரும்பியிருந்தாள். கையை ஊன்றித் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். "அதை இங்க குடும்மா. நான் திங்க மாட்டேன். டேய் குணா, தூக்கை எடு."

இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். அத்தை மூடியைத் திறந்தாள். விளிம்பு வரை கஞ்சி. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவ்வளவு ஊத்தியிருக்கியே, இதுல நான் எங்கடா போடுறது?"

"எதை அத்தை?"

அவள் டம்ளரை எடுத்து ஊற்றிக் குடித்தாள். மறுபடி ஊற்றிக் குடித்தாள். யாரோ அவசர வேலை கொடுத்ததுபோல, மூச்சு வாங்கக் குடித்தாள். டப்பாவைப் பிடுங்க நீட்டிய கையை நர்ஸ் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். சட்டியின் அடி தெரிந்தது. குணசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைக் கழுவி வந்தான். அத்தை முந்தானையால் ஈரம் துடைத்து, ஒரு கரண்டிச் சர்க்கரை போட்டு மூடினாள். விரலில் ஒட்டியிருந்த இரண்டு பொடியையும் நக்காமல் தட்டிவிட்டாள்.

"கொண்டு போ" என்றாள். குரல் பழைய திலகவதியின் குரல். நர்ஸ் சீட்டில் 'கஞ்சி முழுவதும்' என்று எழுதிக்கொண்டாள்.

குணசீலன் வாசல் வரை போயிருப்பான்.

"டேய், நில்லு. பக்கத்துக் கட்டில்காரங்க காலையில இட்லி தரேன்னாங்க, வேணாம்னுட்டேன். மிச்சம் இருக்கான்னு கேளு. இருந்தா வாங்கு." சர்க்கரை டப்பாவை இறுக்கி மூடித் தலைமாட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க பாத்திரத்தோட வாங்கு."