கை கொத்தனார், கால் சித்தாள்

கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் பயிற்சிக் கொட்டகையில் ஒரு சுவர் உண்டு. காலையில் எழும்பும், மாலையில் பிரித்துவிடுவார்கள். மறுநாள் அதே செங்கல்லை வைத்து வேறொருவர் கட்டிப் பழகுவார்.

அங்கே கற்றுக்கொடுத்தவர் லூர்து. முன்பு கலவைச் சட்டி தூக்கிய சித்தாள். சங்கம் பயிற்சி கொடுத்துக் கொத்தனார் ஆனவர். அவரிடம் படிக்க வந்த அஞ்சுகம் அவரைவிட மூத்தவர். முடி நரைக்கும்வரை சட்டி சுமந்தவர்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கட்டட வேலை தொடங்குகிறது. லூர்து சரி என்றால், அஞ்சுகத்தைக் கொத்தனாராகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கம் மேஸ்திரியிடம் பேசி முடித்திருந்தது. இல்லையென்றால் பழையபடி சட்டிதான்.

அஞ்சுகம் கட்டிய சுவரில் லூர்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"இன்னும் ஆகலைக்கா."

"சுவர் கோணலா டீச்சர்?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அப்புறம் என்ன குறை?"

லூர்து கொட்டகையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு, "கலவை" என்று குரல் கொடுத்தார்.

அஞ்சுகம் கரண்டியைப் போட்டுவிட்டுச் சட்டியை எடுக்க ஓடினார். பாதி வழியில்தான் நின்றார்.

பக்கத்தில் கட்டிப் பழகிக்கொண்டிருந்த மாசிலாமணி சிரித்தார். "அக்காவுக்குக் கை கொத்தனார். கால் இன்னும் சித்தாள்."

"உனக்கு வாய் மட்டும் மேஸ்திரி, தம்பி. உன் சுவரைப் பாரு."

பிறகு அஞ்சுகம் மெல்லக் கேட்டார். "இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு ஓடின கால், டீச்சர். எப்படி நிறுத்துறது?"

"நாளைக்கு மறுபடி கட்டுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அஞ்சுகத்தின் சுவர் இடுப்பு உயரம் வந்திருந்தது. அவர் அடுத்த செங்கல்லைக் கையில் எடுத்தபோது, பின்னாலிருந்து லூர்துவின் குரல் கேட்டது.

"கலவை."

அஞ்சுகத்தின் குதிகால் எழும்பியது. அதைத் தரையில் அழுத்தி வைத்தார். செங்கல்லைச் சுவரில் வைத்தார். கரண்டிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இங்கயும் தீர்ந்துபோச்சு. கலவை வேணும்."

மாசிலாமணியின் கரண்டி நின்றது.

லூர்து தலையில் சும்மாடு வைத்தார். சட்டி நிறையக் கலவை எடுத்துச் சுமந்து வந்து, அந்தச் சுவரருகே நின்றார்.

"எங்க கொட்டட்டும், கொத்தனாரம்மா?"