வேலி போடாத முகாம்

“இந்த இடத்த எத வச்சு மேடம் காப்பாத்துறது?”

கேட்டவர் சுபேதார் மாசிலாமணி. பாதி ஆயுளை இமய எல்லையில் காவல் நின்றே கழித்தவர். ஓய்வுக்குப் பிறகு, தென்துருவக் கண்டத்தின் கரையில் இருந்த ஓர் இந்திய ஆய்வு நிலையத்துக்குச் சரக்கையும் வண்டிகளையும் பார்த்துக்கொள்ள வந்திருந்தார்.

நிலையத்தின் தலைவி திலகவதி வானிலை விஞ்ஞானி. வயதில் அவரைவிட மிகவும் சின்னவர்.

வந்த புதிதில் சுபேதார், பனிப்புயலில், வழி தவறாமலிருக்கக் கட்டிய கயிற்றைப் பிடிக்காமல் வீராப்பாக வெளியே போய்விட்டார். தேடிப் போய்க் கைபிடித்துக் கூட்டி வந்தவர் திலகவதிதான். அன்றிலிருந்து அவருக்குக் குரு இவர்தான். எந்தச் சந்தேகமானாலும் நேரே இங்கே வந்துவிடுவார்.

இன்றைக்கு வந்தது கோபம்.

அந்த மண்ணில் எந்த நாட்டுக்காரரும் எந்த நாட்டின் நிலையத்துக்குள்ளும் நுழைந்து சோதித்துப் பார்க்கலாம். ஒப்பந்தம் அப்படி. காலையில் ஒரு வெளிநாட்டுக் குழு வந்தது. சுபேதாரே கிடங்கைத் திறந்து காட்டினார், தேநீரும் கொடுத்தார். குடித்து முடித்த ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான், உங்கள் நாட்டில் உறைகிற கடலே கிடையாதே, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று.

சுபேதாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“துப்பாக்கி கூடாது. வேலி கூடாது. நாளைக்கு இந்த மண்ணப் பத்தி நாலு நாடு கூடிப் பேசுனா, நம்மள யாரு மேடம் மதிச்சுக் கூப்பிடுவா?”

திலகவதி ரேடியோ பக்கம் திரும்பினார். வானிலை வாசிக்கும் நேரமாகிவிட்டது. பலூன் விட்டு எடுத்த காற்றின் அளவுகளை, அந்தக் கரையிலிருக்கும் எல்லா நாட்டு நிலையங்களுக்கும் தினமும் ரேடியோவில் சொல்வது வழக்கம்.

அதையும் சும்மாதானே அள்ளிக் கொடுக்கிறோம் என்றார் சுபேதார். அவர் பட்டாளத்தில், முகாமில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக்கூட வெளியாளிடம் மூச்சுவிட மாட்டார்கள்.

“ஒரு நாள் நிறுத்திப் பாருங்க மேடம். அப்பத் தெரியும் நம்ம அருமை.”

திலகவதி எழுந்தார். தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மைக்கையும் அளவுகள் எழுதிய தாளையும் அவர் பக்கம் தள்ளினார்.

“உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க சார்.”

சொல்லிவிட்டு அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

சுபேதார் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். வாசிக்கும் நேரம் தாண்டியது; ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு குரல் வந்தது. “இந்தியா, கேட்கிறதா?”

அடுத்து ஒரு பெண் குரல். “இந்தியா, எல்லோரும் நலமா? உதவி தேவையா?”

மூன்றாவது குரல் இன்னொரு நாட்டு நிலையத்திலிருந்து. நீங்கள் ஒருநாளும் தவறியதில்லையே, வண்டி அனுப்பட்டுமா என்றது.

ஒருவரும் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

சுபேதாரின் கைக்கட்டு தளர்ந்தது.

கடைசியில் ஒரு விமானி பேசினான். விமானத்தில் நோயாளி இருக்கிறாராம். மற்ற நிலையங்களின் அளவுகள் கையில் இருக்கின்றனவாம்.

“ஆனாலும் இந்தியா சொன்னால்தான் கிளம்புவேன்.”

சுபேதாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமையில் நெஞ்சு விம்மியது, கூடவே வெட்கமும் வந்தது. மைக்கை இழுத்து, அளவுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தார். சரியாகக் கேட்டிருக்குமோ என்னவோ என்று மறுபடியும் வாசித்தார்.

நன்றி சொல்லிவிட்டு விமானி கிளம்பினான்.

சாப்பாட்டு மணி அடித்தது. வாங்க சார், போகலாம் என்றார் திலகவதி.

சுபேதார் திரும்பவில்லை.

“நீங்க போய்ச் சாப்பிடுங்க மேடம். நான் காவல்ல இருக்கேன்.”