ஓரக் கட்டத்தை விட்டுக்கொடுத்த நெட்டையன்

அந்தக் காலத்தில் கணினித் திரைகளில் படம் கிடையாது; கறுப்புத் தரையும் எழுத்தும்தான். அங்கே குடியிருந்தவை எல்லாம் தமக்குள் பேசிக்கொள்ளும். ஆற்றோர மதகு அலுவலகம் ஒன்றின் திரையில் குறுக்கே எண்பது கட்டம், மேலிருந்து கீழே இருபத்துநான்கு வரி. ஒவ்வொரு வரியின் வலது ஓரக் கட்டத்தையும் உருள்பட்டை ஒருவன் அடைத்துக்கொண்டு நின்றான். ஒல்லியாய் உயரமாய் இருந்ததால் எல்லாரும் அவனை நெட்டையன் என்றார்கள்.

திரைக்குக் கீழே இன்னும் வரிகள் கிடக்கின்றன என்று காட்டுவது அவன் வேலை. ஆனால் இரண்டே வரிச் செய்தி வந்தாலும் நகரமாட்டான். காவல்காரன் இடத்தை விட்டுப் போகலாமா என்பான். எந்நேரமும் நிற்பவனை யார் கவனிப்பார்கள்? செய்தி படிக்கும் கோமளவல்லி அவனைச் சுவர் என்றே நினைத்திருந்தாள்.

ஒருநாள் காலை அணையிலிருந்து சரியாக இருபத்துநான்கு வரிச் செய்தி வந்தது. அதில் ஒரு வரிக்கு எண்பது கட்டமும் வேண்டும். ஓரத்தில் நெட்டையன் நின்றதால் அதன் கடைசி எழுத்துக்கு இடமில்லை. அது இறங்கி அடுத்த வரியில் தனியாக உட்கார்ந்தது. மற்ற வரிகள் ஒன்றையொன்று கீழே தள்ளின. கடைசி வரி திரைக்கு அடியில் போய் விழுந்தது.

மதகை உடனே திறக்கச் சொன்ன வரி மேலே தெரிந்தது. ஆற்றுக்குள் வாத்து மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களைக் கரையேற்றுங்கள் என்று சொன்ன வரிதான் கீழே கிடந்தது. கோமளவல்லி மதகுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எழுத்து விழும் இடத்தைக் காட்டித் திரையில் கண் சிமிட்டி அலையும் சுட்டிக்குறி மின்னி, நெட்டையனிடம் ஓடினாள்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. கடைசி வரி கீழே கிடக்கு."

"அதைக் காட்டத்தானே நிக்கிறேன்? நானும் போயிட்டா யார் காட்டுறது?"

"காட்டி என்ன, அந்தம்மா உங்களைப் பார்க்கவே இல்லையே. நீங்க நிக்கிறதாலதான் அது கீழே கிடக்கு. உங்களை விட்டுட்டு எண்ணிப் பாருங்க."

நெட்டையனுக்குச் சுருக்கென்றது. காலமெல்லாம் வரி எண்ணுகிறவனுக்கு இவள் எண்ணச் சொல்லித் தருவதா? ஆனாலும் எண்ணினான். தான் நின்றால் இருபத்தைந்து. தான் இல்லாவிட்டால் இருபத்துநான்கு. மறுபடியும் எண்ணினான். இருபத்துநான்குதான்.

ஓரத்தை விட்ட எவனும் திரும்ப அங்கே நின்றதாக அந்தத் திரையில் பேச்சே இல்லை. அது தெரிந்தும் நெட்டையன் மூச்சை இழுத்துப் பிடித்து, திரைச் சட்டத்துக்குப் பின்னால் குதித்தான்.

தனித்திருந்த எழுத்து தன் வரியோடு போய்ச் சேர்ந்தது. மற்ற வரிகள் மேலேற, கடைசி வரியும் எழும்பி வந்தது. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்த கோமளவல்லி, சுவர் போல நின்றது காணாமற்போனதைக் கண்டு திரைக்கு வந்தாள். படித்தாள். சாவியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். வாத்துகளும் ஆட்களும் கரையேறிய பிறகே மதகு திறந்தது.

மறுநாள் முப்பது வரிச் செய்தி வந்தது.

"அண்ணே, வாங்க. நீங்க இல்லாமலே இப்போ ஆறு வரி கீழே கிடக்கு," என்று மின்னி கூப்பிட்டாள்.

நெட்டையன் வந்து நின்றான். கோமளவல்லி அவனைக் கண்டதும் கீழே இன்னும் இருக்கிறது என்று புரிந்து வரிகளை நகர்த்தினாள்.

அன்று முதல்தான் எழுத்துத் திரையின் உருள்பட்டை தன்னை விட்டுவிட்டு வரிகளை எண்ணுகிறது. அடங்கினால் ஒதுங்கிக்கொள்கிறது, மிஞ்சினால் மட்டும் வந்து நிற்கிறது.