நாலு பக்கக் கடிதம்

மலைமேல் இருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில் பதினோரு பிள்ளைகள். ஆசிரியை அருள்செல்வி ஒருத்திதான். ஒரு மழைநாளில் கல்வி அதிகாரி நாலு பக்கக் கடிதத்தோடு வந்து, கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த பெற்றோரை வரவழைத்துக் கையெழுத்துக் கேட்டார்.

"எல்லாம் உங்க நன்மைக்குத்தான்."

உண்மை அருள்செல்விக்குத் தெரியும். வாய் திறந்தால் வேலைக்கே ஆபத்து. பணிவாகக் கேட்டாள்: "சார், இன்னிக்கு மையக்கருத்துப் பாடம். உங்க கடிதத்தையே பிள்ளைங்க வாசிக்கட்டுமா?"

"இதுங்களுக்கு இது புரியுமா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஐந்தாம் வகுப்பு நாகவள்ளி விரல் வைத்து முழுக்க வாசித்தாள்.

"மையக்கருத்து என்னம்மா?"

"நம்ம பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க, டீச்சர்."

கூட்டம் சலசலத்தது.

"துணைக்கருத்து?"

"நாம கொஞ்சப் பேர்தானாம். கீழூர்ப் பள்ளிக்கூடம் பெரிசாம். போறதுக்கு பஸ் விடுவாங்களாம்." யோசித்தாள். "ஆனா நம்ம ஊருக்கு ரோடே இல்லையே, டீச்சர்?"

முதல் ஆளாகப் பேனாவை வாங்கியிருந்த மாடசாமி, அதை மூடி அதிகாரியிடமே நீட்டினார். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

பள்ளியை மூடவில்லை. அருள்செல்வியைத்தான் மறுவாரமே மாற்றிவிட்டார்கள். தகரப்பெட்டியோடு அவள் சேற்றுப் பாதையில் இறங்கினாள். பதினோரு பிள்ளைகளும் ஓடைவரை அழுதுகொண்டே வந்தார்கள்.