கரடியார் வாயில் தக்கை

போர்ச்சுகல் என்று ஒரு நாடு இருக்கிறது, பிள்ளைகளே. அங்கே ஒரு காட்டில் எங்கு பார்த்தாலும் தக்கை மரங்கள். புட்டியின் வாயை அடைக்கிறோமே, அந்தத் தக்கை இந்த மரத்தின் பட்டைதான். அந்தக் காட்டு மிருகங்களுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம், கால்பந்து இருந்தால் போதும்.

அந்தக் காட்டு அணியின் கோல்கீப்பர் பல்தசார் என்ற கரடியார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆட்டக்காரர்தான். இளவயதில் மலைக்காட்டு அணிக்குப் போனார். அங்கே ஆடியதைவிட ஓரமாக உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொந்தக் காட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பெயர் வாங்கினார்.

அவருக்கு அதிர்ஷ்டத்தில் அபார நம்பிக்கை. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கோல் கம்பங்களையும் தட்டிக்கொடுத்து, "சௌக்கியமா?" என்று விசாரிப்பார். பந்து கிட்டே வந்துவிட்டாலோ, "விடு, என் பந்து!" என்று காடு அதிரக் கத்துவார். கோல்கீப்பர் அப்படிக் கத்தினால் மற்றவர்கள் பந்தைத் தொடாமல் ஒதுங்கிவிட வேண்டும். அவருக்கு முன்னால் நின்று தடுத்து ஆடிய காட்டுப்பன்றி அண்ணனும் தம்பியும் சொன்ன பேச்சு தட்டாதவர்கள். அந்தக் குரல் கேட்டதும் யோசிக்காமல் விலகிவிடுவார்கள்.

காலம் போனது. கரடியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. "இனி நான் பயிற்சியாளர்!" என்று அறிவித்துவிட்டு, கோலைக் கீரி பிலோமினாவிடம் ஒப்படைத்தார். அந்தக் கம்பங்களுக்கு நடுவே நிற்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியவள் அவள். சந்தோஷத்தில் அவளுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

முதல் ஆட்டம் ஓநாய் அணியோடு. ஓநாய் ஒன்று நீளமாக உதைத்த பந்து உருண்டு வந்தது. பன்றி அண்ணன் அதை வெளியே தள்ளக் காலைத் தூக்கிவிட்டார். அவர் தள்ளிவிடுவார் என்று பிலோமினா கோலிலேயே நின்றாள்.

அப்போது மைதானத்துக்கு வெளியே இருந்து, "விடு, என் பந்து!" என்று ஒரு கத்தல்.

வேறு யார், நம் கரடியார்தான்! பழக்கதோஷம். தான் கத்தியதே அவருக்குத் தெரியாது. அண்ணன் தூக்கிய காலை மடக்கிக்கொண்டார், தம்பியும் விலகினார். பந்து நடுவில் புகுந்து போனது. பிலோமினா பாய்ந்தாள், எட்டவில்லை. கோல்!

"கீரியை மாற்று!" என்று கூட்டம் கூச்சல் போட்டது.

இடைவேளையில் கரடியார் நொண்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, கோட்டை விட்டுவிட்டாயே! இன்னொரு கோல் விழுந்தால் உன்னை உட்கார வைத்துவிட்டு நானே இறங்குவேன்."

"நீங்களா? இந்தக் காலோடா?" என்றார் பன்றித் தம்பி.

"காலில் என்ன இருக்கிறது? கைதானே பிடிக்கிறது!"

பிலோமினாவுக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் கரடியார் ஒப்புக்கொள்வாரா? மாட்டவே மாட்டார். ஓடிப்போய்க் கீழே கிடந்த தக்கைத் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள்.

"ஐயா, இது என் அதிர்ஷ்டத் தக்கை. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படிப் பந்து பிடிப்பேன்? ஆட்டம் முடியும்வரை நீங்கள் வாயில் கவ்விக்கொள்கிறீர்களா? கீழே விழுந்தால் நாம் தோற்றுப்போவோம்."

"அதிர்ஷ்டத் தக்கையா! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று கரடியார் பல்லால் இறுகக் கவ்விக்கொண்டார்.

ஆட்டம் சூடு பிடித்தது. பிலோமினாவின் அணி முயல் இரண்டு கோல் போட்டுவிட்டது. கடைசி நேரத்தில் ஓநாய்த் தலைவன் ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து பன்றிகளின் தலைக்கு மேலே வந்தது.

கரடியாரின் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. "ம்ம்ம்ம்!" என்று துள்ளினார். வாயைத் திறந்தால் தக்கை விழுந்துவிடுமே!

"விடு, என் பந்து!"

இந்த முறை கத்தியது பிலோமினா. கீச்சுக்குரல்தான். ஆனால் பன்றிகளுக்கு நன்றாகவே கேட்டது. இருவரும் விலகினார்கள். அவள் எம்பிப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்தது, வெற்றி!

கரடியார் தக்கையை எடுத்து முத்தமிட்டார். "அடேயப்பா, என்ன அதிர்ஷ்டம்! நான் ஒரு வார்த்தை கத்தாமலே பன்றிகள் எப்படி விலகின?"

"கோல்கீப்பர் கத்தினாளே, விலகினோம். முதலில் நீங்கள் கத்தினீர்கள், அப்போதும் விலகினோம்," என்றார் பன்றி அண்ணன்.

கரடியார் விழித்தார். "முதலிலா? அப்படியானால் அந்தக் கோல்..."

பிலோமினா பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரடியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த ஆட்டத்தன்று வழக்கம்போலக் கம்பத்தைத் தட்டப் போனவர் பாதியிலேயே நின்றார். "உன் கம்பம் அம்மா, நீயே விசாரி," என்றார். பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, தக்கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

நீதி: ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், அதைச் செய்ய அவரை விடவும் வேண்டும்.